மகளின் விண்ணப்பப் பணத்தைத் தின்னும் அடகு வட்டி

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். மகள் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம், எம்.எஸ்சி. படிக்க ஆசைப்படுகிறாள். தம்பி பிக்கப் வண்டி வாங்க என் எட்டுப் பவுனை 2,40,000 ரூபாய்க்கு அடகு வைத்து மூன்று வருடம் ஆகிறது. நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி. நான்தான் கட்டி, வருடாவருடம் மாற்றி வைக்கிறேன். தெரிந்த முகவர் ஒருவர் மகள் படிப்புக்கு யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த பாலிசி) போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. யூலிப்பில் போட்டால் ஐந்து வருடம் கை வைக்க முடியாது. உங்கள் மகளுக்கு அடுத்த கல்வியாண்டிலேயே பணம் வேண்டும்.

கடிதத்தோடு மகள் எழுதிய தாளையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறீர்கள். கரண்ட் பில்லின் பின்பக்கம் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்க ஐந்து இடங்கள், விண்ணப்பக் கட்டணம், கோயம்புத்தூர் போய்வரும் செலவு. நான்கை அவளே அடித்துவிட்டாள். கூட்டிப் பார்த்தேன், மொத்தமே 7,000 ரூபாய். நீங்கள் கட்டும் வட்டி மாதம் 3,600. இரண்டு மாத வட்டிதான் அந்த நான்கு இடங்களும்! மூன்று வருடத்தில் 1,29,600 போய்விட்டது. அசல் அப்படியே நிற்கிறது.

சீட் கிடைத்த பிறகு கல்விக் கடன் வாங்கலாம். 7,50,000 வரை வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை. விண்ணப்பச் செலவுக்கு எந்த வங்கியும் கொடுக்காது, அது கையிலிருந்துதான் போக வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி. சேர எழுதும் கியூட் முதுநிலை நுழைவுத் தேர்வுக்கு உறைபனிக் காலத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். கடைசி செமஸ்டர் ரிசல்ட் வரட்டும் என்று இருந்தால் ஒரு வருடம் போச்சு.

இந்த முறை நகையை அப்படியே மாற்றி வைக்காதீர்கள். பவுன் 70,000 என்று குறைத்துப் போட்டாலும், 2,40,000-க்கு ஐந்து பவுன் ஈடு போதும். மூன்று பவுனை விடுவித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். அதை இரண்டு கடைகளில் விலை விசாரித்து விற்று, சேதாரம் போக வரும் 2,00,000-ஐ அசலில் கட்டுங்கள். மீதி 40,000, வட்டி மாதம் 600. அடகு நகையை மீட்டு வாங்குகிறோம் என்று போர்டு வைத்திருப்பவர்களிடம் மட்டும் போய்விடாதீர்கள். அவசரத்தைப் பார்த்து விலையைக் குறைப்பார்கள்.

அந்த 40,000-ஐத் தம்பி கட்டட்டும். கூடப்பிறந்தவனிடம் கேட்க வாய் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் வண்டி தினமும் இலை ஏற்றிச் சம்பாதிக்கிறது. அந்த கரண்ட் பில்லைக் கையில் கொடுத்துப் பேசுங்கள், மாமன்தானே அவளுக்கு.