ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்கு ரத்த உறைவுத் தடுப்பு: காரைக்குடி டாக்டரம்மாவிடம் கேளுங்கள்

பள்ளத்தூர்: அப்பத்தாவுக்கு 74 வயசு. நிமோனியான்னு சேர்த்திருக்கோம். கால்ல வீக்கமே இல்ல, தினமும் வயித்துல ஊசி போடுறாங்க. தேவையா டாக்டரம்மா?

தேவைதான் தம்பி. படுத்தே கிடந்தால் கால் சிரையில் ரத்தம் தேங்கி உறையும். அது கிளம்பி நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. வீக்கம் வருமுன் போட்டால்தான் அது தடுப்பு. யாருக்குப் போடுவது என்பதற்கு பாதுவா மதிப்பெண் இருக்கிறது. உங்கள் அப்பத்தாவுக்கு நடமாட்டம் குறைந்ததற்கு 3, 70 தாண்டியதற்கு 1, கிருமித்தொற்றுக்கு 1, ஆக 5. நாலு வந்தாலே ஆபத்து அதிகம். "பாத்ரூமுக்கு நடந்துதானே போறாங்க" என்பீர்கள். படுக்கை, பாத்ரூம் என்று மூன்று நாளாவது இருந்தாலே அது நடமாட்டக் குறைவுதான்.

ரத்தக்கசிவு ஆபத்தையும் கூடவே பார்க்கணும். குடல்புண்ணில் ரத்தம் போகிறது, பிளேட்லெட் 50,000-க்குக் கீழே என்றால் ஊசியை நிறுத்திவைத்து, காலில் காற்றழுத்த உறை மாட்டுவோம்.

கண்டனூர்: அப்பச்சிக்கு 58. காய்ச்சல்னு சேர்த்தோம், வார்டு முழுக்க நடக்கிறார். நாங்களும் ஊசி கேட்கலாமா?

வேண்டாம். அவருக்கு 1 மதிப்பெண்தான். நடக்கட்டும்.

தேவகோட்டை, ஸ்டாஃப் நர்ஸ்: "வயிறெல்லாம் நீலமா கெடக்கு, இன்னிக்கு விட்டுடுங்க சிஸ்டர்" என்கிறார்கள். மறுத்துவிட்டார்கள் என்று சார்ட்டில் எழுதிவிடலாமா மேடம்?

எழுதுமுன் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பேசும்மா. டாக்டர் எழுதியும் உள்ளே போகாத டோஸால் யாருக்கும் பயனில்லை. நீலம் குறைவாக வரும்படி போடவும் வழி இருக்கிறது. தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தினமும் பக்கம் மாற்று. தோலை மடித்துப் பிடி, ஊசியைச் செங்குத்தாக இறக்கு, வெளியே எடுக்கும்வரை மடிப்பை விடாதே. இந்த உறைவுத் தடுப்பு ஊசிமருந்தான எனாக்ஸாபரின் 40 மி.கி. சிரிஞ்சில் இருக்கும் காற்றுக்குமிழியை வெளியேற்றக் கூடாது. போட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் 30-க்குக் கீழே என்றால் டோஸை டாக்டரிடம் மறுபடி கேள்.

கானாடுகாத்தான்: எங்கள் வீடு சைவம். இந்த ஊசி பன்றியிலிருந்து வருதாமே?

கோட்டையூர், மருந்துக்கடை: இதையெல்லாம் கிளப்பிவிட்டால் ஊசியே வேண்டாம் என்பார்கள். எதற்கு வம்பு?

கடைக்கார அண்ணே, உங்கள் கவலை புரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆமாம், உறைவைத் தடுக்கும் ஊசிகளான ஹெப்பாரினும் எனாக்ஸாபரினும் பெரும்பாலும் பன்றிக் குடல் சவ்விலிருந்துதான் வருகின்றன. மறைத்துப் போட்டு, அவர்களுக்குப் பிறகு தெரியவந்தால் அடுத்த மருந்தையும் நம்ப மாட்டார்கள். கானாடுகாத்தான் ஆச்சி, ஃபாண்டாபாரினக்ஸ் என்று ஆய்வுக்கூடத்திலேயே செய்கிற உறைவுத் தடுப்பு ஊசி ஒன்று உண்டு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

கோட்டையூர்: அது விலை கூட. எல்லாக் கடையிலும் இருக்காது.

சரிதான் அண்ணே. அதனால்தான் முதல் நாளே கேட்டுவிடணும் என்கிறேன்.

புதுவயல்: ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுறாங்க, போதாதா?

போதாது. படுத்திருக்கும் நோயாளிக்கு இந்த ஊசி செய்கிற வேலையை ஆஸ்பிரின் செய்யாது.

செக்காலை: சுகர் மாத்திரையை...

அதை உங்கள் சர்க்கரை டாக்டரிடம் கேளுங்கள்.

பள்ளத்தூர்: அப்பத்தாவுக்கு ஒரு கால் மட்டும் கனமா இருக்காம். தைலம் தேய்க்கலாமா?

தேய்க்காதீர்கள், அமுக்காதீர்கள்! எத்தனை பேருக்குத்தான் சொல்வது! ஒரு கால் மட்டும் வீங்கினால் இப்போதே டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, கால் சிரையில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது.

சிங்கப்பூர்: ஆத்தா நாளைக்கு டிஸ்சார்ஜ். வீட்டில் தனியாக இருப்பார்கள். ஊசியைத் தொடரணுமா?

நிமோனியா மாதிரி நோய்க்குப் பொதுவாக ஆஸ்பத்திரியோடு நிறுத்திவிடலாம். புற்றுநோயோ பழைய ரத்த உறைவோ இருந்தால் டிஸ்சார்ஜ் எழுதுமுன் டாக்டரிடம் பேசுங்கள். வேலைக்கு வரும் பெண்ணிடம் சொல்லி, காலையும் மாலையும் வளவைச் சுற்றி நடக்க வையுங்கள்.