தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். டியூப் மாற்றியும் பின்டயர் அடிக்கடி பஞ்சர் ஆகிறதே, என்ன செய்வது?

டியூப் மேல் சந்தேகப்படுவதை விடுங்கள். புது டியூப் போட்டும் சீக்கிரமே காற்று இறங்குகிறது என்றால், முதலில் குத்தியது எதுவோ அது இன்னும் டயரிலேயே உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

டியூபைக் கழற்றும் முன் வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பிடித்து, வால்விலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதே தூரத்தில் டயரின் உட்புறத்தைப் பழைய துணியால் துடையுங்கள் (டியூபைத் திருப்பிப் பிடித்திருக்கலாம், அதனால் கோட்டுக்கு இரண்டு பக்கமும்). துணி நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கேதான் ஆள். முள், கண்ணாடிச் சில்லு எல்லாம் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். லாரி டயர் வெடித்துச் சிதறும் மயிரிழைக் கம்பி இருக்கிறதே, அதுதான் உயிரை வாங்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்தால் மட்டும் குத்தும்.

அங்கே ஒன்றும் இல்லையா, ஓட்டையைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்று கம்மி, பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கம் ஓட்டை என்றால் ரிம் டேப் (ஸ்போக்ஸ் முனைகளை மூடும் பட்டை) நகர்ந்து ஸ்போக்ஸ் முனை குத்துகிறது. வால்வு அடியில் கிழிந்திருந்தால் பேட்ச் நிற்காது, வேறு டியூப்தான்.

உடம்பின் எடை பெரும்பாலும் பின்சக்கரத்தில் விழுவதால் அங்கே காற்று குறைந்தால் உடனே அடி வாங்கும். ஓட்டையே இல்லாத டியூபிலும் காற்று மெல்லக் கசியும், ஆகவே வாரம் ஒருமுறை அடியுங்கள், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து அல்ல, டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பிஎஸ்ஐ (காற்றழுத்த) அளவைப் பார்த்து, அழுத்தம் காட்டும் கேஜ் வைத்த பம்பில். டயரில் நூல் தெரிய ஆரம்பித்துவிட்டால் இத்தனை பாடும் வீண், டயரையே மாற்றிவிடுங்கள். பஞ்சர் தடுக்கும் பட்டை வைத்த டயர் கொஞ்சம் கனம்தான், ஆனால் தினசரி ஓட்டத்துக்கு அதையே வாங்குவேன்.

வேலைக்குப் போகும் வழியில் பேட்ச் போட உட்காராதீர்கள். சொல்யூஷன் தடவி அது காயும்வரை பொறுமை இருக்காது, ஈரத்தில் ஒட்டினால் பிய்த்துக்கொள்ளும். பையில் ஒரு மாற்று டியூப், சின்ன பம்பு, டயரை நெம்பிக் கழற்ற இரண்டு பிளாஸ்டிக் டயர் லீவர் போதும் (ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், அது புது டியூபையும் குத்தும்). நட்டுப் போட்ட சக்கரமென்றால் அதற்கேற்ற ஸ்பேனரும் வேண்டும், இல்லாவிட்டால் சக்கரமே கழலாது.