லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்துக் கிறிஸ்துமஸ் மரத்தைப் பார்க்க ஏன் ஆண்டுதோறும் கூட்டம் போகிறது?

அது நன்றிக்கடனாக வந்து நிற்கிற மரம். 1940-இல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தபோது அரசர் ஏழாம் ஹாகோன் லண்டனில்தான் தஞ்சம் புகுந்தார். நார்வே அரசும் அங்கிருந்தே இயங்கியது. அதை மறக்காமல் நார்வேயின் தலைநகரான ஆஸ்லோ 1947 முதல் வருடாவருடம் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒன்றை அனுப்புகிறது. 20 மீட்டருக்கு மேல் உயரம். காட்டில் வெட்டிக் கடல் தாண்டிக் கொண்டுவருகிறார்கள். அடியில் உள்ள பலகையில் இந்த நன்றியை எழுதியே வைத்திருக்கிறார்கள், போனால் அவசியம் படியுங்கள்.

விளக்குச் சரங்களை மரத்தைச் சுற்றிக் கட்டாமல், உச்சியிலிருந்து நேராகத் தொங்கவிடுவது நார்வே வழக்கம். மரம் ஒல்லியாக இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த எளிமைதான் பிடிக்கும்.

இருட்டிய பிறகு போங்கள். மாலையில் மரத்தடியில் கேரல் பாடுவார்கள். அப்புறம், ஜனவரி முதல் வாரத்தோடு மரத்தை இறக்கிவிடுவார்கள்.