கடல்நீர் பம்பு: பழையதைப் பார்த்த பிறகு புதியதைப் போடுங்கள்

நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் விசைப்படகு இன்ஜின்களோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டுத்தான் சேலத்துக்கு வந்து லேத் பட்டறை வைத்தேன். கடல்நீரை உறிஞ்சி இன்ஜினைக் குளிரவைக்கும் பம்புகள் கடற்கரை ஊர்களிலிருந்து இப்போதும் பஸ் பார்சலில் வந்துகொண்டிருக்கின்றன. ஏப்ரல் 15-ல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிந்ததும் கடிதங்களும் சேர்ந்து வரும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கதைதான்: இரண்டு மாதம் நின்ற இன்ஜின், கடலில் இறங்கிய முதல் நாளே கொதித்துவிட்டது.

ரப்பர் இம்பெல்லரை எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்? (அக்கரைப்பேட்டை வாசகர்)

பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்தான் இம்பெல்லர். சிறிய இன்ஜினுக்கு ஆண்டுக்கு ஒன்று, அல்லது முந்நூறு மணி நேர ஓட்டம். எது முந்துகிறதோ அதுவே கணக்கு. ஒரு வாரம் கடலில் தங்கும் விசைப்படகுக்கு இந்த முந்நூறு மணி இரண்டு மூன்று பயணங்களிலேயே தீர்ந்துவிடும். அதற்காக மாதந்தோறும் புதிது வாங்கச் சொல்லவில்லை. மூடியைக் கழற்றிப் பாருங்கள் என்கிறேன். ஐந்தாறு ஸ்க்ரூதான். ஒவ்வோர் இறக்கையையும் விரலால் மடக்கி, அதன் அடிப்பகுதியை வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை அளவு வெடிப்பு தெரிந்தாலும் கழித்துவிடுங்கள். நுனி தேய்ந்து தட்டையாகியிருந்தாலும், மடங்கிய இறக்கை நிமிராமல் நின்றுவிட்டாலும் அதன் ஆயுள் முடிந்தது. இறக்கைகளை எண்ணுங்கள். எல்லாம் நன்றாக இருந்தால் அதையே திரும்பப் போடலாம். முன்பு மடங்கியிருந்த திசையிலேயே மடங்க வேண்டும், அவ்வளவுதான்.

தடைக்காலம் முடிந்து ஓட்டியதும் இன்ஜின் சூடேறியது. திறந்து பார்த்தால் இம்பெல்லரில் மூன்று இறக்கைகள் இல்லை. புதிது போட்டோம். ஆனாலும் அரை மணி நேரத்தில் மறுபடி சூடேறுகிறது. புது இம்பெல்லர் மட்டமானதா? (கடலூர் முதுநகர் வாசகர்)

அந்த மூன்று இறக்கைகள் எங்கே? கடிதம் முழுவதும் தேடினேன், அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ரப்பர் கடல்நீரில் கரையாது. பம்பைத் தாண்டி ஹோஸ் வழியே போய், முதலில் எதிர்ப்பட்ட குறுகிய வாயிலில் அடைத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் இன்ஜினில் அது கியர் ஆயில் கூலராக இருக்கலாம், இன்ஜின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய்க் கட்டாகவும் இருக்கலாம். மூடியைக் கழற்றி, தண்ணீர் வந்த வழியாகவே துண்டுகளை வெளியே எடுங்கள். கம்பியால் உள்ளே தள்ளினால் அடுத்த வளைவில் போய் மாட்டும். எடுத்தவற்றைப் பழைய இம்பெல்லரோடு சேர்த்து மேசை மேல் அடுக்குங்கள். உடைந்த பானையை ஒட்டுவதுபோல, முழு வடிவம் கிடைக்கும் வரை தேடுவதை நிறுத்தக் கூடாது. போன ஆண்டு உடைந்ததும் கூட அங்கே இருந்தால் வியப்படைய மாட்டேன்.

உடைந்ததற்குக் காரணம் தடைக்காலம்தான். இரண்டு மாதம் ஒரே இடத்தில் மடங்கி நின்ற இறக்கைகள் அப்படியே இறுகி, பம்பின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. சாவியைத் திருப்பிய நொடியில் அடியோடு பிய்கின்றன. அடுத்த ஏப்ரலில் படகைக் கட்டும்போது பம்பு வழியே நல்ல தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். பிறகு இம்பெல்லரைக் கழற்றி ஒரு பாலித்தீன் பையில் போட்டு, அந்தப் பையை இன்ஜின் சாவியோடு கட்டித் தொங்கவிடுங்கள். இம்பெல்லரை மறந்துவிட்டு யாரும் இன்ஜினைக் கிளப்பிவிட மாட்டார்கள்.

புது இம்பெல்லரைக் கிரீஸ் தடவி ஏற்றலாமா? (தரங்கம்பாடி)

கூடாது. கிரீஸில் ரப்பர் ஊதும். கிளிசரின் தடவுங்கள், கிடைக்காவிட்டால் சோப்புத் தண்ணீர் போதும்.

பம்பின் அடியில் ஒரு சிறிய துவாரத்திலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. எம்-சீல் வைத்து அடைத்துவிட்டோம், நின்றுவிட்டது. இப்போது இன்ஜின் ஆயில் பால்போல வெளுத்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (மண்டபம்)

உண்டு. அடைத்த கைதான் ஆயிலைக் கெடுத்தது. கியரோடு நேரடியாகப் பொருத்திய பம்பில் ஷாஃப்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் சீல் வளையம் தண்ணீர்ப் பக்கம் ஒன்று, இன்ஜின் பக்கம் ஒன்று. நடுவில் விட்டிருக்கும் அந்தத் துவாரம் ஓட்டை அல்ல, உங்களுக்காக வைத்த வாய். தண்ணீர் சொட்டினால் தண்ணீர் சீல் போய்விட்டது, எண்ணெய் சொட்டினால் ஆயில் சீல் போய்விட்டது என்று அது சொல்கிறது. வாயைப் பொத்தினீர்கள், தண்ணீர் பேரிங் வழியே ஆயில் சட்டிக்குப் போனது. இன்ஜினை இனி ஒரு முறை கூடக் கிளப்பாதீர்கள். அடைப்பை எடுங்கள், இரண்டு சீல்களையும் பேரிங்குகளையும் மாற்றுங்கள், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். சிறிது நேரம் ஓட்டிவிட்டு மறுபடியும் ஆயிலை மாற்றுங்கள். பொருத்தும்போது ஸ்பிரிங் தெரியும் முகம் தண்ணீர் சீலில் தண்ணீரையும், ஆயில் சீலில் எண்ணெயையும் பார்க்க வேண்டும்.

மூடிக்குக் கேஸ்கெட் கிடைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிப் போட்டோம். தண்ணீர் ஒழுகவில்லை, ஆனால் இழுக்கவும் இல்லை. (பழையாறு)

ஒழுகுகிறதா என்பது மட்டும் கேஸ்கெட்டின் வேலை அல்ல. இம்பெல்லருக்கும் மூடிக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தீர்மானிப்பதும் அதுதான். பெரும்பாலான பம்புகளில் கேஸ்கெட் கால் மில்லிமீட்டர் தடிமன்தான். தடித்த அட்டை போட்டால் இறக்கையின் பக்கவாட்டில் காற்று தப்பிவிடும்; பம்பு தண்ணீரைப் பிடிக்காது. மெல்லிய தாள் போட்டால் ரப்பர் மூடியில் உரசி வெந்துவிடும். மூடியின் உள்முகத்தையும் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் கேஸ்கெட் மட்டும் மாற்றிப் பயனில்லை. வெளிமுகத்தில் எழுத்துப் பொறிப்பு இல்லையென்றால் மூடியைத் திருப்பிப் போட்டு இன்னொரு வாழ்நாள் ஓட்டலாம். பள்ளம் ஆழமில்லை என்றால் கண்ணாடிப் பலகை மேல் நீர்த்தாள் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

ஓமலூரில் லேத் வைத்திருக்கிறேன். காரைக்கால் படகு ஒன்றுக்குப் பம்பு ஷாஃப்ட் கடைந்து கொடுத்தேன். காந்தம் ஒட்டாத நல்ல எவர்சில்வர் கம்பிதான். ஆறு மாதத்தில் சீல் உட்காரும் இடத்தில் அம்மைத் தழும்புபோலக் குழிகள். எவர்சில்வர் எப்படித் துருப்பிடிக்கும்?

தம்பி, இந்தக் காந்தச் சோதனையோடு நான் பல ஆண்டுகளாகச் சண்டை போடுகிறேன். இரும்பாலை இருக்கும் ஊர் நம்முடையது. 1980களின் தொடக்கத்திலிருந்து இங்கே துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டப்படுகிறது. அப்படிப்பட்ட ஊரிலேயே கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டுகிறார், வாங்குபவர் தலையாட்டுகிறார் என்றால் எனக்குப் பொறுக்கவில்லை.

காந்தம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசை எஃகில் காந்தம் ஒட்டாது. பாத்திரக் கடையில் பெருமளவு விற்பது அதுதான். நூற்றுக்குப் பதினெட்டுக் குரோமியமும் எட்டு நிக்கலும் கொண்ட 304-லும் ஒட்டாது. கடலுக்கு ஏற்ற 316-லும் ஒட்டாது. மூன்றும் ஒன்றா? 316-ல் கூடுதலாக இரண்டு சதவீதத்துக்கு மேல் மாலிப்டினம் இருக்கிறது. உப்புநீரில் குழி விழாமல் காப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. காந்தத்துக்கு மாலிப்டினம் தெரியாது. இன்னொன்று, குளிர்நிலையில் இழுத்த நல்ல 304 கம்பியில் கூடக் காந்தம் லேசாக ஒட்டும். அதைக் கழித்துவிட்டு, துளியும் ஒட்டாத மட்டமான 200 வரிசைக் கம்பியை எடுத்துக்கொண்டு போனவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று மோட்டாரில் காந்தம் நன்றாக ஒட்டும் 410 வகை எஃகு ஷாஃப்ட் நல்ல தண்ணீரில் பல ஆண்டுகள் உழைக்கிறது. அதே 410-ஐக் கடலில் போட்டால் தாங்காது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கும் தண்ணீர் அது.

எவர்சில்வர் எப்படித் துருப்பிடிக்கும் என்று கேட்டீர்கள். அதன் மேல் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைத்தால் தானே மூடிக்கொள்ளும். சீலின் உதட்டுக்கு அடியில் உப்புநீர் தேங்குகிறது. அங்கே ஆக்சிஜன் போவதில்லை. படலம் கிழிந்தால் மூடுவதில்லை. குழி அங்கேதான் தொடங்கும், உள்ளே போகப் போக வேகம் பிடிக்கும். ஓடும் படகை விட நிற்கும் படகில்தான் இது அதிகம். 316 போட்டாலும் முழுக் காப்பு இல்லை. அதனால்தான் படகைக் கட்டும்போது நல்ல தண்ணீரால் கழுவச் சொல்கிறேன்.

பட்டறை தொடங்கிய புதிதில் நானும் ஏமாந்தேன். 316 என்று சொல்லி ஒரு வியாபாரி கொடுத்த கம்பியில் நான்கு ஷாஃப்ட் கடைந்து நாகப்பட்டினத்துக்கு அனுப்பினேன். தடைக்காலம் முடிந்ததும் நான்கும் குழிவிழுந்து திரும்பி வந்தன. என் கைக்காசில் புதிது செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து சோதிக்காமல் ஒரு கம்பியைக் கூட வெட்டுவதில்லை. மாலிப்டினம் சோதனைத் திரவம் சிறு புட்டியில் விற்கிறது. ஒரு சொட்டு விட்டுச் சிறு பேட்டரியை இணைத்தால் சில நிமிடங்களில் நிறம் காட்டிவிடும். பெரிய பழைய இரும்பு வியாபாரிகள் சிலரிடம் எக்ஸ் கதிர் சோதனைத் துப்பாக்கி இருக்கிறது; நொடிகளில் உலோகக் கலவையைச் சொல்லும். வாங்கும்போது ஆலைச் சான்றிதழைக் கேளுங்கள். அதிலுள்ள வார்ப்பு எண்ணும் கம்பியில் உள்ள எண்ணும் பொருந்த வேண்டும். இவை எதுவும் இல்லாமல் காந்தத்தை மட்டும் எடுத்துவந்தால், காந்தத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கடைசல் பற்றியும் ஒன்று. சீல் உட்காரும் இடத்தை எமரித் தாளால் இடமும் வலமும் நகர்த்தித் தேய்த்தால் மரைபோலச் சுருள் கீறல் விழும். ஷாஃப்ட் சுழலும்போது அந்தக் கீறலே தண்ணீரை வெளியே கடத்தும். தாளை ஒரே இடத்தில் பிடித்து மெருகேற்றுங்கள். பழைய ஷாஃப்டில் சீல் தடம் மட்டும் தேய்ந்திருந்தால் தூக்கி எறிய வேண்டாம். இடம் இருந்தால் சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்துப் புதிய தடம் கொடுக்கலாம். சாதாரண இரும்பு வெல்டிங் வைத்து மேடாக்கிக் கடைவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம். பழைய படகு இன்ஜினும் அதன் ரப்பர் இம்பெல்லர் பம்பும் மலிவாகக் கிடைத்தன. பூப்பு மழை பொய்த்தால் குட்டையிலிருந்து ஸ்பிரிங்ளருக்கு அடிக்கலாமா?

இன்ஜினை வைத்துக்கொள்ளுங்கள், பம்பை மாற்றுங்கள். அந்தப் பம்பு இன்ஜினைக் குளிரவைக்கப் பிறந்தது. இருபது மீட்டர் ஏற்றமே அதற்குப் பெரும்பாடு. ஸ்பிரிங்ளர் கேட்கும் அழுத்தத்தை அதனால் தர முடியாது. குட்டையின் செம்மண் கலங்கலில் ரப்பரும் மூடியும் சீக்கிரம் அரைபட்டுவிடும். அந்த இன்ஜினோடு சென்ட்ரிஃபியூகல் பம்பு ஒன்றை இணையுங்கள். அதையும் தண்ணீருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்து மீட்டர் தண்ணீரைத் தாங்கும்; 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்களுக்கு எட்டரைதான். குழாய் உராய்வு, காற்றுக் கசிவு எல்லாம் கழித்தால் உறிஞ்சு உயரம் மூன்று நான்கு மீட்டருக்குள் இருப்பது நல்லது. சேலத்தில் இழுத்த பம்பு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதும் இழுக்க மறுக்கிறது என்று தோட்டக்காரர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரில் இருந்த துத்தநாகக் குச்சி கரைந்துவிட்டது. அந்த இடத்தில் பித்தளை போல்ட் போட்டு மூடலாமா? (நாகூர்)

கரைவதுதான் அதன் வேலை. அது கரையாவிட்டால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் கரையும். பாதி கரைந்ததுமே புதிது போடுங்கள். போல்ட் வேண்டாம்.

பம்பில் சத்தம் வருகிறது. என்ன செய்வது?

ஊர் இல்லை, இன்ஜின் எது என்று இல்லை, பெல்ட்டில் ஓடுகிறதா கியரிலா என்று இல்லை. இதற்கு மருந்து எழுதினால் நான் பொறுப்பற்றவன். பெல்ட்டில் ஓடுவதாக இருந்தால், இன்ஜினை நிறுத்திவிட்டு பெல்ட்டைக் கழற்றி ஷாஃப்டைக் கையால் சுழற்றுங்கள், மேலும் கீழும் ஆட்டுங்கள். கரகரத்தாலோ ஆடினாலோ பேரிங். மற்ற விவரங்களோடு மறுபடி எழுதுங்கள்.

ஃபைபர் படகைக் கரையில் ஏற்றிவைத்து இரண்டே நிமிடம் இன்ஜினை ஓட்டிப் பார்த்தோம். இம்பெல்லருக்கு ஏதாவது ஆகியிருக்குமா? (கோட்டைப்பட்டினம்)

ஆகியிருக்கும். தண்ணீர்தான் அதற்கு மசகு. வறண்டு ஓடினால் அரை நிமிடமே ஆபத்து. திறந்து பாருங்கள், இறக்கைகளை எண்ணுங்கள். இனிமேல் கரையில் ஓட்டுவதானால் உறிஞ்சு ஹோஸை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, வாளி காலியாகாமல் ஒருவர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். கடலிலும் கிளப்பியவுடன் வெளியேற்றும் வாயில் தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பாருங்கள். வராவிட்டால் உடனே நிறுத்திவிட்டு, அடி வால்வு திறந்திருக்கிறதா, ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டியில் பாசியோ பிளாஸ்டிக் தாளோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பம்பை உங்கள் பட்டறைக்கு அனுப்ப விரும்புகிறோம். சுத்தம் செய்து அனுப்ப வேண்டுமா? (புதுச்சேரி)

சுத்தம் செய்யாதீர்கள். உப்புப் படிந்த இடம், துருக் கோடு, எண்ணெய்க் கறை இவற்றை வைத்துத்தான் எந்தச் சீல் முதலில் போனது என்று பார்க்கிறேன். பழைய இம்பெல்லர், உடைந்த துண்டுகள், மூடி, கிழிந்த கேஸ்கெட், கழற்றிய சீல்கள், எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். பம்பு சுழலும் திசையை மூடி மேல் அம்புக்குறியாக வரைந்து, எத்தனை மணி ஓடியது, கடைசியாக எப்போது திறந்தது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். போன மாதம் ஒருவர் பம்பை மணல் கொண்டு தேய்த்துப் பளபளவென்று அனுப்பியிருந்தார். இம்பெல்லரைக் குப்பையில் போட்டுவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். எத்தனை இறக்கை குறைந்திருந்தது என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார். அவருடைய ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் கழற்றி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.