மேடவாக்கம் கடனும் மெல்போர்ன் சம்பளமும்

தம்பி, உங்கள் கேள்வி வந்து நான்கு நாளாகிறது. மெல்போர்ன் வந்து நான்கு மாதம், தற்காலிக வேலை விசா. மேடவாக்கம் ஃபிளாட்டின் பேரில் 40 லட்சம் கடன், 8 சதவீத வட்டி, இன்னும் 20 வருடம். ஃபிளாட்டிலிருந்து 18 ஆயிரம் வாடகை வருகிறது. அங்கே நண்பர்கள் 'முன்பணம் (டெபாசிட்) சேர்த்து இங்கேயே வீடு வாங்கு' என்கிறார்கள். ஊரில் அப்பா 'முதலில் கடனை அடை' என்கிறார். உங்கள் மனைவியோ 'கடனை அடைக்கிறேன் என்று வெளியே ஒரு காபிகூடக் குடிக்க விடாமல் பண்ணிவிடாதீர்கள்' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இப்போது நங்கநல்லூரில் அம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மார்கழி என்பதால் ஐந்து மணிக்கே ஒலிபெருக்கி எழுப்பிவிட்டது. எங்கள் கீழ்க்கட்டளை ஃபிளாட்டின் கடன் போன மாதம்தான் தீர்ந்தது, வங்கியிலிருந்து பத்திரத்தைத் திரும்ப வாங்க மெல்போர்னிலிருந்து வந்திருக்கிறேன். அதனால் கேள்வி கேட்க நல்ல சமயம் பார்த்திருக்கிறீர்கள். மூன்று பேரில் உங்கள் மனைவிக்குத்தான் என் முதல் ஓட்டு. அடுத்தது அப்பாவுக்கு.

நண்பர்கள் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஆஸ்திரேலியாவில் ஏற்கெனவே கட்டி முடித்த பழைய வீட்டை வாங்க 2025 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை தடை இருக்கிறது. புது வீடு வாங்கலாம் என்றாலும் விக்டோரியாவில் வெளிநாட்டவருக்கு முத்திரை வரிக்கு மேல் 8 சதவீதம் கூடுதல் வரி. டெபாசிட் வீட்டு விலையில் 20 சதவீதத்துக்குக் குறைந்தால் கடன் காப்பீட்டுக்கு வேறு அழ வேண்டும். நிரந்தர வசிப்பு கிடைக்கும்வரை அந்தப் பேச்சே வேண்டாம். 2019-இல் வாங்கிய எங்கள் சிநேகிதர் வீட்டு விலை ஏறியது உண்மை. ஆனால் 2022 மே முதல் 2023 நவம்பர் வரை ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி 13 தடவை வட்டியை ஏற்றி 0.10-இலிருந்து 4.35-க்குக் கொண்டுபோனபோது, அவர் மாதத் தவணை ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. அந்த ஒன்றரை வருடம் அவர்கள் வீட்டில் காபி குடிக்கப் போகவே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

சரி, மேடவாக்கம் கடனுக்கு வருவோம். உங்கள் தவணை மாதம் 33,450 ரூபாய் சொச்சம் வரும். அதில் முதல் மாதம் வட்டிக்கு மட்டும் 26,667 போகிறது. அசலில் கழிவது 6,800-க்கும் குறைவு. இப்படியே 20 வருடம் ஓட்டினால் மொத்தம் 80 லட்சம் கட்டியிருப்பீர்கள். வருடத்துக்கு ஒரே ஒரு தவணை அதிகமாகக் கட்டினால் 16 வருடம் 8 மாதத்தில் முடியும். மாதம் 60 ஆயிரம் அனுப்ப முடிந்தால் ஏழரை வருடம்கூட ஆகாது. 60 ஆயிரம் என்பது ஏறக்குறைய ஆயிரம் டாலர். இரண்டு சம்பளம் வரும் வீட்டில் இது முடியாத தொகை இல்லை.

நாங்கள் 2015-இல் 38 லட்சம் வாங்கினோம். மூன்று வருடம் கழித்து மெல்போர்ன் கிளம்பும்போது கணக்கு எடுத்துப் பார்த்தோம். கட்டியது 13 லட்சம், அசலில் குறைந்தது 2 லட்சத்துச் சொச்சம். என் கணவர் அந்தத் தாளை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஏழு வருடம், சராசரியாக மாதம் 1,100 டாலர் அனுப்பினோம். அதிலும் இரண்டு தப்பு பண்ணினோம். உங்களுக்கு உபயோகப்படும் என்று சொல்கிறேன்.

முதல் தடவை 3 லட்சம் சேர்த்து முன்கட்டணமாக, அதாவது தவணைக்கு மேல் முன்கூட்டியே, கட்டினோம். 'கட்டியாச்சு' என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், வங்கி எங்கள் தவணையைக் குறைத்துவிட்டுக் கால அளவை அப்படியே வைத்திருக்கிறது! தவணை குறைந்தால் கையில் காசு மிஞ்சும், மிஞ்சியது செலவாகிவிடும், கடன் நடந்துகொண்டே இருக்கும். கிளையில் கேட்டால் 'நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லையே மேடம்' என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான், நாங்கள் கேட்கவே இல்லை. ஆகவே ஒவ்வொரு முறை கட்டும்போதும் 'தவணை மாறக் கூடாது, கால அளவு குறைய வேண்டும்' என்று எழுத்தில் கொடுங்கள். ஒரு வாரம் கழித்துத் திருத்திய அட்டவணையை வாங்கிக் கண்ணால் பாருங்கள். வட்டி குறையும்போதும் இதே கதைதான். 2025-இல் ரெப்போ (வங்கிகளுக்கு இந்திய ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) இறங்கிக்கொண்டே வந்ததே, உங்கள் கடனில் அது தவணையில் குறைந்ததா காலத்தில் குறைந்ததா என்று பார்த்தீர்களா? மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது தப்பு பெரியது. 2020 பிப்ரவரியில் கையில் இருந்ததையெல்லாம் வழித்துக் கடனில் போட்டோம். மார்ச்சில் ஊரடங்கு, ஏப்ரலில் அவருக்கு வேலை போனது. நான்கு மாதம் என் பகுதிநேரச் சம்பளம் மட்டும். தற்காலிக விசாக்காரர்களுக்கு அரசின் ஜாப்கீப்பர் சம்பள உதவியும் இல்லை. கடனில் போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா? முடியாது. ஆஸ்திரேலியக் கடன்களில் ஆஃப்செட் கணக்கு என்று ஒன்று உண்டு. அதில் பணம் கிடக்கும்வரை அந்த அளவுக்கு வட்டி கிடையாது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர்ச் சாதாரண வீட்டுக் கடனில் போட்டது போட்டதுதான். கடைசியில் இந்திய ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணை ஒத்திவைப்பை மூன்று மாதம் எடுத்தோம், அந்த வட்டி அசலோடு சேர்ந்துகொண்டது. சேர்த்த வேகம் அத்தனையும் அங்கே கரைந்தது. நீங்கள் முதலில் நான்கு மாத வீட்டுச் செலவை மெல்போர்னிலேயே ஒரு கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். அது நிறையும்வரை முன்கட்டணம் ஒரு பைசா வேண்டாம்.

இனி குடித்தனம். புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன்: எதைப் பார்த்தாலும் ஐம்பதால் பெருக்குவது. கறிவேப்பிலைப் பொட்டலம் 3 டாலர் என்றால் 'நூற்றைம்பது ரூபாய்க்குக் கறிவேப்பிலையா!' என்று வைத்துவிட்டு வருவேன். ஆறு மாதம் கறிவேப்பிலை இல்லாத ரசம். அதே ஆறு மாதம், ஸ்டேஷனிலிருந்து தூரத்தில் மூன்று படுக்கையறை வீட்டுக்கு வாரம் 90 டாலர் அதிகமாக வாடகை கொடுத்துக்கொண்டிருந்தோம், அதற்காகவே இரண்டாவது கார் வேறு. ரசத்தில் மிச்சம் பிடித்ததைக் காரின் இன்சூரன்ஸ் தின்றது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்; நான் சொட்டு சொட்டாக அளந்தேன், அண்டா பின்னால் ஒழுகியது.

வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் டான்டெனாங்கில் ரயிலடிக்குப் பக்கத்தில் இரண்டு அறை யூனிட்டுக்கு மாறினோம். ஒரு பழைய கொரொல்லா, அவருக்கு மைக்கி பயண அட்டையில் ரயில். இந்த இரண்டு முடிவிலேயே எங்கள் முன்கட்டணத்தில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. மீதி எல்லாம் உதிரி. அப்புறம் கறிவேப்பிலையைத் தாராளமாக வாங்கினேன். உங்கள் மனைவியின் காபியும் அந்தக் கணக்குத்தான், வாரத்துக்கு இரண்டு காபியில் எந்தக் கடனும் நீளாது.

உதிரியில் நிஜமாகவே பலன் தந்தது என்றால் கிரைண்டர். தி. நகர் ரங்கநாதன் தெருவில் வாங்கிய 2 லிட்டர் டேபிள்டாப். கல்லைத் தனியாகக் கழற்றி அவருடைய வேட்டியில் சுற்றி ஒரு பெட்டி, டிரம்மைப் போர்வையில் சுற்றி இன்னொரு பெட்டி. கஸ்டம்ஸில் அந்த இளைஞர் கல்லை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு 'இது எதற்கு?' என்றார். 'காலை உணவு' என்றேன். நன்றாகக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோயிருந்ததால் விட்டுவிட்டார். மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அரைத்தால் புதன்வரை டிபனுக்குக் கவலை இல்லை. வெளியே ஒரு மசாலா தோசை 18 டாலர், நான்கு பேர் போனால் பில் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் விலைச் சீட்டின் ஓரத்தில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். டான்டெனாங் சந்தையில் கடை கட்டும் நேரத்தில் தக்காளிப் பெட்டியைக் கூவிக் கூவிக் கொடுப்பார்கள். குளிர்கோட்டு, மேசை, நாற்காலி எல்லாம் பழைய பொருள் கடையில். 'இப்போது வாங்கு, பிறகு கொடு' செயலிகளை மட்டும் போனில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

பணம் அனுப்பும் விஷயம். சம்பளம் வந்த மறுநாளே அனுப்பிவிடுங்கள், மாதக் கடைசியில் மிஞ்சுவதை அனுப்பலாம் என்றால் எதுவும் மிஞ்சாது. ரூபாய் இன்னும் இறங்கட்டும் என்று என் கணவர் மூன்று மாதம் காத்திருந்தார், ஏறிவிட்டது. கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்யும் இடத்தில் மாற்று விலையைப் பாருங்கள், அங்கேதான் எடுப்பார்கள். உங்கள் பழைய சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் இருப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாயிற்றா? மாற்ற வேண்டும். வாடகை அதில் விழட்டும், நீங்கள் அனுப்புவது என்.ஆர்.இ. கணக்கில். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. தற்காலிக விசாவில் இருக்கும்வரை ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலும் தொல்லை இல்லை. நிரந்தர வசிப்பு வந்ததும் அதையும் வருமானமாகக் காட்ட வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

வாடகைக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. உரிமையாளர் வெளிநாட்டுவாசி என்றால் குடியிருப்பவர் வாடகையில் 31.2 சதவீதத்தை வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது சட்டம். மேடவாக்கத்தில் எந்தக் குடித்தனக்காரருக்கு இது தெரியும்? ஆனாலும் கேள்வி வந்தால் அவர் மாட்டிக்கொள்வார். ஆடிட்டரிடம் சொல்லிக் குறைவாகப் பிடிப்பதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். வீட்டுக் கடன் வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்கலாம் என்பதால் கடைசியில் வரி பெரிதாக வராது.

ஒன்றை மட்டும் வெட்டாதீர்கள், ஊருக்கு வரும் டிக்கெட். நான்கு பேருக்கான டிக்கெட் காசை 2019-இல் கடனில் போட்டு 'அடுத்த வருஷம் போகலாம்' என்றேன். அடுத்த வருஷம் எல்லை மூடியது. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தபோது பக்கத்து வீட்டு மாமிதான் ஆட்டோவில் கூட்டிப்போய் வந்தார், சொட்டு மருந்து போட்டார். அந்த மாமிக்கு நான் இன்னும் கடன்காரி.

பத்திர விஷயம் உங்களுக்கு இன்னும் நாளாகும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் வங்கி அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறை. நேற்று கிளையில் ஒரு பெண் அதிகாரி காக்கி உறையைப் பிரித்து, கிரையப் பத்திரம், தாய்ப் பத்திரம், பட்டா என்று மேசையில் வரிசையாகப் பரப்பினார். கடன் வாங்கியபோது வங்கி கொடுத்த ஆவணப் பட்டியலின் நகலை நான் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றாகப் பக்கம் எண்ணி டிக் போட்டதில் தாய்ப் பத்திரத்தில் இரண்டு தாள் குறைந்தது. அவர் முகம் மாறிவிட்டது. உறையைக் கவிழ்த்துத் தட்டியதும் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டும் விழுந்தன. பட்டியல் இல்லாவிட்டால் நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன்.

அத்தோடு முடியவில்லை. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருக்கிறார்கள் இல்லையா, எம்.ஓ.டி., அதை ரத்து செய்யும் ரசீதையும் பதிய வேண்டும். இல்லையென்றால் இ.சி. (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்க்கும்போது கடன் இன்னும் இருப்பதாகவே காட்டும். திங்கட்கிழமை அதற்குத்தான் போகிறேன். வர முடியாதவர்கள் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அப்பாவுக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும்.

அம்மா காக்கி உறைக்குக் குங்குமம் வைத்துப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டார், சாவியை என்னிடம் தரமாட்டேன் என்கிறார். திங்கட்கிழமைக்குள் கேட்டு வாங்க வேண்டும். வங்கிக்கு நாங்கள் கொடுத்த 'கால அளவைக் குறைக்கவும்' கடிதத்தின் நகல் அதே பீரோவில் இருக்கிறது, எடுத்ததும் படம் பிடித்து அனுப்புகிறேன். கடன் இருவர் பேரிலும் இருந்தால் இருவரும் கையெழுத்துப் போடுங்கள், கடிதத்தில் எங்கள் கடன் கணக்கு எண்ணுக்குப் பதில் உங்களுடையதைப் போட மறக்காதீர்கள்.