ஒரே காய்ச்சல், மூன்று அளவு: எதை நம்புவது?

கேள்வி: என் ஆறு வயது மகனுக்கு உடம்பு சுடுகிறது. அக்குளில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்தால் 99.3, நெற்றிக்கு நேரே காட்டும் கருவியில் 98.2, காதில் 100.6 டிகிரி ஃபாரன்ஹீட். எது சரி?

பதில்: உங்கள் மகனுக்குக் காய்ச்சல்தான். அக்குள் அளவும் காது அளவும் அதையே சொல்கின்றன. முரண்படுவது நெற்றி அளவு மட்டும்.

தெரிய வேண்டியது உடலின் உட்புறச் சூடு. ஆசனவாயில் எடுக்கும் அளவு அதற்கு மிக அருகில் வரும். வாயில் அதைவிடச் சற்றுக் குறையும், அக்குளில் இன்னும் குறையும். அதனால் காய்ச்சலுக்கான எல்லையும் இடத்துக்கு இடம் மாறும்: ஆசனவாயிலும் காதிலும் 100.4, வாயில் 100, அக்குளில் சுமார் 99. பலர் மனப்பாடமாக வைத்திருக்கும் 98.6, ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிஷ் 1868இல் நூலாக வெளியிட்ட சராசரி. அதைத் தாண்டினாலே காய்ச்சல் என்று பதறத் தேவையில்லை. மாலையில் எல்லோருக்குமே விடியற்காலையைவிடச் சூடு சற்றுக் கூடுதலாக இருக்கும்.

நெற்றிக் கருவி ஏன் ஏமாற்றியது? அது அளப்பது தோலின் சூட்டை. காய்ச்சல் ஏறத் தொடங்கும்போது குளிர் நடுக்கம் வருமே, அப்போது தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். உள்ளே சூடு ஏற, வெளியே தோல் குளிர்ந்திருக்கும். வியர்வை, விசிறிக் காற்று, சற்றுமுன் போட்ட ஈரத்துணி எல்லாமே அளவைக் குறைத்துக் காட்டும். கூட்டத்தில் பலரை விரைவாகச் சோதிக்க அது உதவும். வீட்டில் அதை மட்டும் நம்ப நான் சொல்லமாட்டேன்.

காதுக் கருவி நல்லதுதான், ஆனால் முனை செவிப்பறையை நோக்க வேண்டும். காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். ஒருக்களித்துப் படுத்திருந்தால், அழுந்திய காதில் உடனே எடுக்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காதுக் குழல் மிகக் குறுகல். இந்தக் கருவி வேண்டாம்.

உங்கள் மகன் வயதுக்கு என் தேர்வு, நாக்கின் அடியில் டிஜிட்டல் தெர்மாமீட்டர். முனை நாக்கடியில் பின்பக்கம் ஓரமாக இருக்கட்டும். உதடு மூடி, மூக்கால் மூச்சு விட வேண்டும். சூடாகவோ குளிர்ச்சியாகவோ குடித்திருந்தால் அரைமணி நேரம் பொறுங்கள். மூக்கடைப்பு இருந்தாலோ தூங்கிவிட்டாலோ அக்குளே போதும்: வியர்வையைத் துடைத்து, முனை தோலில் பட, கையை உடலோடு அணைத்து, ஒலி வரும்வரை.

அக்குள் அளவோடு ஒரு டிகிரி கூட்டிச் சொல்லும் பழக்கம் வேண்டாம். கூட்டினீர்களா இல்லையா என்று மருத்துவருக்குத் தெரியாது. அளவு, எடுத்த இடம், நேரம் மூன்றையும் அப்படியே குறித்து வையுங்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க, அதே கருவியில் அதே இடத்தில் எடுங்கள்.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 தொட்டாலே உடனே மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் மகன் துவண்டு கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தண்ணீர் குடிக்க மறுத்தாலோ, தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் காத்திருக்காதீர்கள்.