தோல் பை உரியுமா?

கும்பகோணம் வாசகர்: 'ஒரிஜினல் லெதர்' என்று ஆன்லைனில் வாங்கிய ஆபீஸ் பை, ஒரு மழைக்காலம் போனதும் செதில் செதிலாக உரிகிறது. தோல் இப்படி உரியுமா?

உரிந்த இடத்தில் அடியில் துணி தெரிகிறதா? அப்படியானால் அது ரெக்சின். துணிமேல் பூசிய பிளாஸ்டிக் ஈரத்தில் நைந்து கழன்றுவரும். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை அதற்குப் போதும். தோல்தூளைப் பசையில் ஒட்டி அழுத்திய தினுசும் உண்டு, அதுவும் உரியும். ஒரு திருவிழாக் கடையில் நான் வாங்கிய பெல்ட் இந்த ரகம்தான், என் வெள்ளைச் சட்டையில் பாதி ஒட்டிக்கொண்டு வந்தது. விற்றவரின் இணையப் பக்கத்தில் 'லெதர்' என்று போட்டிருப்பதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு 1915க்குப் பேசுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது.

மன்னார்குடி வாசகர்: கடையில் வாங்கிய பையின் ஜிப் ஒரே வாரத்தில் போய்விட்டது. பில் வாங்கவில்லை.

பில் கேட்கக் கூச்சம், எனக்கு எழுத மட்டும் கூச்சமில்லை. யுபிஐயில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். ரொக்கம் என்றால், ஜிப் மாற்றித் தருபவரைத் தேடுங்கள்.

தஞ்சாவூர் வாசகி: வீட்டில் தனியாளாக பர்ஸ், பை தைத்து விற்கிறேன். வெளியூர் வியாபாரியிடம் தோல் கட்டு வாங்கினேன். மேலே நாலு தோல் நன்றாக இருந்தது, உள்ளே இருந்ததெல்லாம் ஓட்டையும் கத்தி வெட்டும். "பில்லைப் படிம்மா, விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம். வியாபாரத்துக்கு வாங்கிய நீ நுகர்வோரே இல்லை" என்கிறார்.

இரண்டுமே தப்பு. சுயதொழிலில் பிழைப்பு நடத்த மட்டுமே பொருள் வாங்குகிறவர், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். அந்த வியாபாரிக்கு இது தெரியாமலா இருக்கும்? உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான்.

அப்புறம் பில்லில் இருக்கும் அந்த வாசகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தாத பில்லை நான் பார்த்ததே குறைவு. அச்சடித்துவிட்டால் சட்டமாகிவிடுமா? குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. மனசு மாறித் திருப்புவது வேறு, ஓட்டைத் தோலைத் திருப்புவது வேறு. முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். மசியாவிட்டால், வியாபாரி எந்த ஊராக இருந்தாலும் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்குப் போட இரண்டு ஆண்டுதான் கெடு, அதைத் தவறவிடாதீர்கள்.

இனி வாங்கும்போது கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தோலையும் விரித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓட்டை தெரிந்துவிடும். பின்பக்கத்தை விரலால் தடவினால் கத்தி வெட்டு தட்டும். வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுபடும், அதற்கும் சேர்த்துத்தான் சதுர அடிக் கணக்கில் காசு கொடுக்கிறோம்.

திருவாரூர் வாசகி: தோல் பையில் பூஞ்சை பிடிக்கிறது.

பாலிதீன் கவரில் கட்டி பீரோவில் வைத்தால் பிடிக்காமல் என்ன செய்யும்? துடைத்து நிழலில் ஆறவிட்டு, துணிப் பையில் வையுங்கள்.

மயிலாடுதுறை வாசகர்: கையால் தைத்த பர்ஸுக்கு 1,800 ரூபாய் கேட்கிறார். பஜாரில் 300க்குக் கிடைக்கிறதே, ஏமாற்றுகிறாரா?

300 ரூபாய்க்குத் தோல் பர்ஸ் என்று நம்புகிறீர்களே, அங்கேதான் ஏமாறுகிறீர்கள். கைத்தையலில் மெழுகு தடவிய ஒரே நூல், இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும். நடுவில் ஒரு தையல் அறுந்தாலும் மற்றது நிற்கும். மெஷின் தையல் அறுந்தால் வரிசையாக விட்டுப்போகும். ஓரத்தைப் பாருங்கள்: தேய்த்து மெருகேற்றியோ மடித்து ஒட்டியோ முடித்திருக்கிறாரா? ஓரம் சரியில்லையென்றால் 1,800 அதிகம்தான், தாராளமாகப் பேரம் பேசுங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: பெயர் பொறித்த பைக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். நான் சொன்ன நிறம்தான், ஆனால் இப்போது பிடிக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. உங்கள் பெயர் போட்ட பையை அவர் யாரிடம் விற்பார்?